ஆட்டுக்கால் சூப்பும் ஆறாத புண்ணும்: ஜெலட்டின் ஜெல்லால் தோல் வளருமா?

கேள்வி இது: "அம்மாவுக்குச் சர்க்கரை நோய். பாதத்தின் அடியில் ஐந்து மாதமாக ஆறாத புண். ஜெலட்டின் ஹைட்ரோஜெல் வைத்தால் புதுத் தோல் வளரும் என்று ஒரு செய்தியில் படித்தேன். ஜெலட்டின் என்றால் ஜெல்லியில் போடுவதுதானே? அது எப்படித் தோலை வளர்க்கும்? இங்கே கிடைக்குமா? கிடைக்காவிட்டால் நாமே தயாரித்துக்கொள்ளலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது. மற்றவற்றைச் சற்று விரிவாகத்தான் சொல்ல வேண்டும். நான் மருத்துவன் அல்லன். காயங்களுக்கான ஜெல்களை ஆய்வகத்தில் காய்ச்சியே பல ஆண்டுகளைக் கழித்தவன். என் பேச்சை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆம், ஜெல்லியில் போடுகிற அதே ஜெலட்டின்தான். நம் சமையலறையில் அதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. ஆட்டுக்கால் சூப்பில் மிச்சத்தை இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். சூப் ஓடாது. கரண்டியால் தட்டினால் மொத்தமாக ஆடும். அடுப்பில் வைத்தால் சில நிமிடங்களில் பழையபடி தண்ணீராகிவிடும். ஜெலட்டின் ஹைட்ரோஜெல் என்பதன் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு பாத்திரத்துக்குள் இருக்கின்றன.

எலும்பிலும் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. இந்த மூவிழை அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்-கதிரில் படம் பிடித்து, இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்தால்தான் கயிறு இவ்வளவு இறுக்கமாக முறுக்கிக்கொள்ள முடியும் என்று கண்டார்கள். கிண்டியில் நடந்த வேலை என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கயிற்றை நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் முறுக்கு அவிழ்ந்து இழைகள் தனித்தனியாகிவிடுகின்றன. அதுதான் ஜெலட்டின். ஆறும்போது இழைகள் பழைய முறுக்கை நினைத்துக்கொண்டு அங்கங்கே கொஞ்சம் கொஞ்சம் சுற்றிக்கொள்கின்றன. அந்த முடிச்சுகளுக்கு நடுவே தண்ணீர் சிக்கிக்கொண்டு நிற்பதைத்தான் ஹைட்ரோஜெல் என்கிறோம். பத்து கிராம் ஜெலட்டின் தொண்ணூறு கிராம் தண்ணீரைப் பிடித்து நிறுத்திவிடும்.

தொழிற்சாலையில் இதை இரண்டு வழியாக எடுக்கிறார்கள். பன்றித் தோலை அமிலத்தில் ஊறவைத்து எடுப்பது ஏ வகை. மாட்டெலும்பின் தாது உப்புகளை அமிலத்தில் கரைத்துவிட்டு, மிஞ்சும் ஒசீனைச் சுண்ணாம்பில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பது பி வகை. மின்னேற்றத்தில் இரண்டும் வேறு வேறு. அந்த வித்தியாசம் பின்னால் ஓரிடத்தில் பயன்படப்போகிறது. மூலப்பொருள் மாடா பன்றியா என்பது பல குடும்பங்களில் பெரிய கேள்வி. மீன் தோலிலிருந்தும் ஜெலட்டின் எடுக்கலாம். ஆனால் குளிர்நீர் மீனின் ஜெலட்டின் சாதாரண அறை வெப்பத்திலேயே உறையாமல் கூழாக நிற்கும்.

சரி, புண்ணுக்கு ஜெல் எதற்கு? புண் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962இல் பன்றிக்குட்டிகளின் மேலோட்டமான காயங்கள் சிலவற்றைக் காற்றுப்படத் திறந்துவிட்டார். சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்தார். ஈரமான காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. மேல்தோல் செல்கள் காயத்தின் விளிம்பிலிருந்து ஊர்ந்துதான் வர வேண்டும். பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் ஈரம் தேடி வழி பண்ணிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பு இருந்தால் நேராக வந்துவிடுகின்றன. எந்த ஹைட்ரோஜெல்லும் இந்த ஈரத்தைக் கொடுக்கும். ஜெலட்டினுக்கு மட்டும் உள்ள சிறப்பு வேறு.

நம் உடல் செல்களில் பெரும்பாலானவை எங்கேயாவது கால் ஊன்றினால்தான் உயிரோடு இருக்கும். ஊன்றுவதற்கு அவை தேடுவது ஒரு சிறிய பிடி: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் இதே வரிசையில் அடுத்தடுத்து இருப்பது. மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் எர்க்கி ருவோஸ்லாட்டியும் 1984இல் இதை அடையாளம் கண்டார்கள். முறுக்கிய கொலாஜனில் இந்தப் பிடிகள் பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும். முறுக்கு அவிழ்ந்த ஜெலட்டினில் வெளியே தெரிகின்றன. ஆக, அம்மா வைக்கும் சூப்பில் அவிழ்ந்த அதே இழையில் தோல் செல் கால் வைத்து நிற்கும். செயற்கைப் பாலிமர்களில் இந்தப் பிடியைத் தனியாக ஒட்டவைக்கப் பெரும்பாடு பட வேண்டியிருக்கிறது.

இனி கெட்டதைப் பார்ப்போம். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காஹ் பாக்டீரியாக்களைத் திட ஊடகத்தில் வளர்க்க ஜெலட்டினைத்தான் பயன்படுத்தினார். இரண்டு தொல்லைகள் வந்தன. உடல் வெப்பமான 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஜெலட்டின் உருகிவிட்டது. உருகாத வெப்பத்தில் வைத்தாலும் பல பாக்டீரியாக்கள் அதைத் தின்று நீராக்கிவிட்டன. அவருடைய ஆய்வகத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, வீட்டில் ஜெல்லி செய்ய அகர் அகரைப் பயன்படுத்துபவர். அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். இன்றுவரை உலகம் முழுவதும் ஆய்வகத் தட்டுகளில் இருப்பது அதுதான். நோன்புக் காலத்தில் நம் இஸ்லாமியர் வீடுகளில் செய்யும் கடல்பாசியும் அதே பொருள்தான்.

பிறகு ஏன் காயத்துக்கு அகரை வைக்காமல் ஜெலட்டினோடு மல்லுக்கட்டுகிறார்கள்? அகர் 37 டிகிரியில் உருகாது, கிருமி தின்னாது, எல்லாம் சரி. ஆனால் நம் செல்களும் அதில் கால் வைப்பதில்லை; நம் உடலில் அதைச் செரிக்க நொதியும் இல்லை. காயத்தில் வைத்தால் தண்ணீர்ப் பையாகக் கிடக்கும், அவ்வளவுதான். தோல் வளர வேண்டுமானால் செல் உள்ளே நுழைய வேண்டும். நுழைவதற்குப் பாதையை அதுவே தின்று திறக்க வேண்டும். நம் செல்கள் சுரக்கும் நொதிகளில் இரண்டுக்குப் பெயரே 'ஜெலட்டினேஸ்'. பச்சை அன்னாசித் துண்டுகளைப் போட்டால் ஜெல்லி உறையாமல் போகிறதே, அங்கே பழத்தின் நொதி செய்யும் வேலையை இங்கே செல் தன் காலடியில் மட்டும், அளவாகச் செய்கிறது. தின்னப்படுவது ஜெலட்டினின் குறை அல்ல, அதை வைப்பதே அதற்காகத்தான். எவ்வளவு வேகத்தில் தின்னப்படுகிறது என்பதில்தான் இந்தத் துறையின் பாடெல்லாம் இருக்கிறது. புதுச் சதை வரும் வேகமும் ஜெல் கரையும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். முன்னால் கரைந்தால் குழி; கரையாமல் நின்றால் உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணிச் சுற்றிலும் நார்ச் சதையால் மூடிவிடும்.

கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்த இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு போடுகிறோம். தோல் பதனிடும் தொழிலும் அடிப்படையில் இதுதான். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும், கொதிக்கவைத்தால் பசையாகும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்தபோது பட்டையின் துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டது; தோல் செருப்பாகி ஆண்டுக்கணக்கில் உழைத்தது. ஜெல் செய்பவர்களுக்கு வேண்டியது அந்தப் பதனிடுதலில் நூற்றில் ஒரு பங்கு. செருப்பு அளவுக்குப் போய்விடக் கூடாது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் செருப்புத் தோலை ஆராய்ந்தவர்கள் காயத்துக்கான கொலாஜனிலும் இறங்கியது தற்செயல் அல்ல.

இந்த நூற்றில் ஒரு பங்கைப் பிடிக்க நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதல் முறை வார்த்த ஜெல்லைத் தட்டின் குழிகளில் ஊற்றி உறையவைத்து, மேலே இளஞ்சிவப்பு வளர்ப்பு ஊடகத்தை விட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது குழிகளில் இளஞ்சிவப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. ஜெல் இருந்த சுவடே இல்லை. மறு வாரம் ரோஷத்தில், குறுக்குப் பிணைப்பு போடும் வேதிப்பொருளான குளுட்டரால்டிஹைடைத் தாராளமாகச் சேர்த்தேன். இம்முறை மஞ்சள் ரப்பர்த் துண்டு போல வந்தது. இடுக்கியால் இழுத்தாலும் கிழியவில்லை. ஆசையோடு தோல் செல்களை விதைத்தேன். நலமாக உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் (அடித்தோலில் கொலாஜனைச் செய்யும் செல்), நுண்ணோக்கியில் இரண்டு பக்கமும் நீட்டிப் படுத்த கதிர்க் கோல் போல இருக்கும். மறுநாள் பார்த்தால் எல்லாம் உருண்டையாகி மிதந்துகொண்டிருந்தன. ஜெல்லில் ஒட்டாமல் தங்கிய குளுட்டரால்டிஹைட் அவற்றைக் கொன்றுவிட்டது.

பிணைப்பு போட இப்போது சாதுவான வழிகள் பல உண்டு. கார்டேனியா காயிலிருந்து எடுக்கும் ஜெனிபின் நஞ்சு குறைந்தது. ஆனால் ஜெல் கருநீலமாகிவிடும். அடியில் சீழ் பிடித்திருக்கிறதா, சதை சிவந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க முடியாது. இந்தச் சின்னச் சங்கடத்தை ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. டிரான்ஸ்குளுட்டமினேஸ் என்ற நொதி இன்னொரு வழி. இறைச்சித் துண்டுகளை ஒட்டவைக்க உணவுத் தொழிலில் பயன்படுவது. நம் ரத்தம் உறையும்போது உறைவை இறுக்கும் நொதியும் அதே குடும்பம்தான்.

இன்று அதிகம் பேசப்படுவது ஒளியால் உறையும் ஜெலட்டின். பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட வழி இது. ஜெலட்டின் இழையில் மெத்தாக்ரைலாயில் என்ற கொக்கிகளை மாட்டிவிடுகிறார்கள். ஒளி பட்டதும் கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பல் மருத்துவர் அடைப்பைப் பூசிவிட்டு நீல விளக்கைக் காட்டிக் கெட்டியாக்குகிறாரே, ஏறக்குறைய அதே வேதியியல். கூழாகப் புண்ணில் ஊற்றினால் மேடு பள்ளமெல்லாம் நிரப்பும். விளக்கைக் காட்டினால் அங்கேயே உறையும், 37 டிகிரியில் உருகாது. எத்தனை கொக்கி என்பதை மாற்றி ஜெல்லின் விறைப்பையும் கரையும் காலத்தையும் மாற்றலாம். செல்களைக் கூழிலேயே கலந்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அடுக்கடுக்காக அச்சிடவும் செய்கிறார்கள். நீங்கள் படித்த செய்தி அநேகமாக இப்படிப்பட்ட ஆய்வு ஒன்றைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த வேலை ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் யாசுஹிகோ தபாட்டா செய்தது. ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டிப் புது ரத்தக் குழாய்களை வரவழைக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி புரதம் உண்டு. கரைசலாகப் புண்ணில் விட்டால் சீக்கிரமே கழுவிக்கொண்டு போய்விடும். அது நேர்மின்னேற்றம் உள்ள புரதம். முன்னே சொன்ன சுண்ணாம்பு வழி ஜெலட்டின் உடலின் அமில-கார நிலையில் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். இரண்டையும் கலந்தால் காந்தம் போல ஒட்டிக்கொள்கின்றன. செல்கள் ஜெல்லைத் தின்னத் தின்ன மருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது. யாரும் வேளை பார்த்து மருந்து போட வேண்டாம். எங்கே செல் வேலை செய்கிறதோ அங்கே மருந்து வெளிவரும். மஞ்சள், கற்றாழை, வெள்ளித் துகள், தேன் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஜெலட்டினில் கலந்து கட்டுரை எழுதும் கூட்டத்துக்கு நடுவே, ஜெலட்டினின் இயல்பையே கருவியாக்கிய யோசனை இது.

அப்படியானால் இவை ஏன் மருத்துவமனைகளுக்குப் பரவலாக வரவில்லை? ஒரு காரணம் எலி. எலிக்குத் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப் படலம் ஒன்று உண்டு. காயம் பட்டால் அது சுருக்குப்பை போல இழுத்து மூடிவிடும். நமக்குப் பாதத்தில் அப்படி எதுவும் கிடையாது. சதை அடியிலிருந்து நிரம்ப வேண்டும், தோல் ஓரத்திலிருந்து ஊர வேண்டும். ஆகவே "பதினான்கே நாளில் காயம் முழுவதும் மூடியது" என்ற செய்தியைப் பார்த்தால், எந்த விலங்கு, காயத்தைச் சுற்றிச் சிலிக்கான் வளையம் தைத்துச் சுருங்காமல் பிடித்து நிறுத்தினார்களா என்று கேளுங்கள். பன்றியின் தோல் நம் தோலுக்கு நெருக்கம், ஆனால் செலவு அதிகம். இன்னொன்று, எலிக்குக் கொடுத்த காயம் சுத்தமான கத்தியால் வெட்டியது. உங்கள் அம்மாவின் புண் ஐந்து மாதப் பழையது. ஆறாத புண்களில் அந்த ஜெலட்டினேஸ் நொதிகள் அளவுக்கு மீறிச் சுரக்கும். ஆய்வகத்தில் மூன்று வாரம் தாக்குப்பிடித்த ஜெல் அங்கே சில நாளில் காணாமல் போகலாம். சூடோமோனாஸ் போன்ற கிருமி இருந்தால் அதுவும் பந்தியில் உட்கார்ந்துவிடும்.

'தோல்' என்று செய்தி சொல்வதையும் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஜெல்களால் வருவது பெரும்பாலும் அடிச்சதையும் மேல் மூடியும்தான். வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் திரும்பி வருவதில்லை. ஜெல்லின் நடுப்பகுதிக்கு ரத்தக் குழாய் வந்து சேரும்வரை உள்ளே விதைத்த செல்களுக்கு மூச்சு முட்டும். ஆக்சிஜன் தானாகப் பரவிச் செல்லும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

கடையில் என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். ஜெலட்டின் ஏற்கெனவே மருத்துவத்தில் இருக்கிறது, வேறு வேடங்களில். அறுவை சிகிச்சையில் ரத்தத்தை நிறுத்தும் ஜெலட்டின் பஞ்சு 1940களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டுக் கட்டுகள் பலவற்றில் ஜெலட்டினும் பெக்டினும் செல்லுலோஸ் வகை ஒன்றும் உண்டு. அவற்றைப் பிரிக்கும்போது மஞ்சளாக, வாடையோடு கூழ் போல ஒன்று இருக்கும். சீழ் என்று பலர் பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது புண்ணின் நீரை உறிஞ்சிய கட்டுப்பொருள்தான். கழுவிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். டியூபில் 'ஹைட்ரோஜெல்' என்று விற்பதில் அநேகமாக ஜெலட்டின் இருக்காது. ஈரம் கொடுப்பதே அதன் வேலை; காய்ந்த புண்ணுக்கு உதவும், நீர் வடியும் புண்ணில் போட்டால் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறிப்போகும்.

உண்மையாகவே அடித்தோலை வளர்க்கும் சாரக்கட்டாகப் பெயர் வாங்கியது ஜெலட்டினின் தாய்ப்பொருளான கொலாஜன்தான். ஜான் பர்க், இயோனிஸ் யானஸ் என்ற இருவர் மாட்டுக் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலியையும் சேர்த்துப் பஞ்சாக்கி, மேலே சிலிக்கான் படலம் ஒட்டி, 1981இல் தீக்காயத்துக்கு வைத்துக் காட்டினார்கள். 'இன்டெக்ரா' என்ற பெயரில் அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்றது; 2016இல் சர்க்கரை நோய்ப் பாதப் புண்ணுக்கும் அனுமதி நீட்டிக்கப்பட்டது. விலை அதிகம். கொலாஜன் தாள்களும் தூள்களும் நம் ஊரிலேயே கிடைக்கின்றன; உங்கள் மருத்துவரும் அவற்றில் ஒன்றைச் சொல்லக்கூடும்.

ஆனால் அம்மாவின் பாதத்துக்கு, எந்த ஜெல் என்பது நான்காவது ஐந்தாவது கேள்விதான். காலுக்கு ரத்தம் போகிறதா? கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை உண்டு. சர்க்கரை நோயாளிக்கு ரத்தக் குழாய் விறைத்திருந்தால் அந்த எண் ஏமாற்றும் என்பதால் கால்விரலிலும் அளப்பார்கள். புண் எலும்பு வரை போய்விட்டதா? நடக்கும்போது அந்த இடத்தில் பாரம் விழுகிறதா? கடைசியாகச் சொன்னதைத்தான் வீடுகளில் விட்டுவிடுகிறோம். விலை உயர்ந்த கட்டைப் போட்டுக்கொண்டு, அதே காலை ஊன்றிச் சமையலறைக்கும் பூஜை அறைக்கும் நடப்பார்கள். ஒவ்வொரு அடியிலும் புதுச் செல்கள் நசுங்கும். பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றும் மாவுக்கட்டோ தனிச் செருப்போ போடாத வரை உலகின் எந்த ஜெல்லும் அந்தப் புண்ணை மூடாது. ஐந்து மாதம் ஆகிவிட்டது என்பதால், பாதப் புண்களுக்கென்று தனிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

இப்போது வீட்டில் தயாரிப்பது பற்றி. கடை ஜெலட்டினில் பாக்டீரியாக்களின் உறைத் துணுக்குகள் இருக்கும், எண்டோடாக்சின் என்பார்கள். தின்றால் ஒன்றும் செய்யாது, திறந்த புண்ணில் பட்டால் அழற்சியைக் கிளப்பும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இந்தத் துணுக்கு போகாது. அதை அழிக்க 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். அங்கே ஜெலட்டின் கருகிவிடும். ஆய்வகங்களே இதைச் சரியாகக் கவனிக்காமல், ஜெல்லின் குணம் என்று நினைத்து அழுக்கின் விளைவை அளந்ததுண்டு. அதோடு, காஹ் கண்டதை நினைத்துக்கொள்ளுங்கள்: கடை ஜெலட்டினைப் புண்ணில் பூசுவது கிருமிக்கு இலை போட்டுச் சோறு வைப்பதற்குச் சமம்.

பூசுவது ஆகாது, ஆட்டுக்கால் சூப்பைக் குடித்தால் கொலாஜன் புண்ணுக்குப் போய்ச் சேருமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். நேராகப் போகாது, வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடும். அதிலும் ஜெலட்டினில் டிரிப்டோபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அறவே இல்லை. புரதம் என்ற கணக்கில் அது அரைகுறைதான். ருசிக்காகக் குடிக்கட்டும். புண் ஆறுவதற்கு முட்டையும் மீனும் பருப்பும் கொடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தால் மட்டும் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.